இரவல் கப்பல்களின் துறைமுகம்: திருகோணமலையில் ஒரு பகல்

திருகோணமலைக்கு வருகிற ஆட்கள் வழமையாக மூன்று இடம் பார்ப்பார்கள். கோணேசர் கோவில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை. மூன்றுக்கும் போகிற வழியில் ஒரு கடற்படையின் வரலாறு முழுக்க மதிலுக்கு உள்ளேயும் வெளியேயுமாகக் கிடக்கிறது. பஸ் யன்னலால் பார்த்து "நேவி காம்ப்" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். ஒரு பகலை அதற்கென்றே ஒதுக்கினால், சின்ன நாடு ஒன்று கடற்படை கட்டுவது எப்படி என்பது நன்றாகவே விளங்கும். சுருக்கமாகச் சொன்னால் இரவலில்தான். துறைமுகம் ஒருவர் விட்டுப்போனது, கப்பல் இன்னொருவர் ஓட்டி முடித்தது, பெயர் மட்டும் சொந்தம்.

கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரெயிலில் ஏறினால் விடியற்புறம் இறங்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியே பஸ். வைகாசி முதல் ஆவணி வரை கடல் தட்டையாகக் கிடக்கும், ஆனால் கச்சான் காற்று வெக்கையாக அடிக்கும். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் வேண்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடையும் மழையும். அந்தக் காலத்தில் வந்தால் குடை பிடித்துக்கொண்டுதான் சுற்றவேண்டும், ஆனால் இந்தத் துறைமுகத்தின் அருமை தெரிவதும் அப்போதுதான். அடையாள அட்டையின் மூலப்பிரதி கையில் இருக்கட்டும். போட்டோக் கொப்பி, போனில் எடுத்த படம் எதுவும் கடற்படை வாசலில் செல்லாமல் போகலாம்.

முதலில் கோணேசர் கோவில் நிற்கிற சுவாமி மலை. கோவில் கும்பிட்டு முடிந்ததும் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் நின்று கீழே பாருங்கள். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே கொட்டியாரக் குடா, குடாவின் அடுத்த கரையில் மூதூர்ப் பக்கம். உள் துறைமுகம் இங்கிருந்து நேராகத் தெரியாது. தெற்கே நீண்டிருக்கிற மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வெளிக் கடலிலிருந்து பார்க்கிற எதிரிக் கப்பலுக்கும் அப்படித்தான். வாய் ஏறக்குறைய 500 மீற்றர் அகலம், உள்ளே சுமார் 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு. வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது, ஆகவே கப்பல் நீர்மட்டம் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. கொட்டியாரக் குடாவிலேயே தொடங்கி வெளிக் கடலுக்கு ஓடுகிற கடலடிப் பள்ளத்தாக்கு 3,000 மீற்றருக்கு மேல் ஆழம் போகிறது. கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே நீலத் திமிங்கிலம் வருவது இந்தப் பள்ளத்தால்தான்.

இவ்வளவு ஆழமும் மறைவும் இருந்தாலும், இந்த இடத்துக்காக ஐரோப்பியர் அடிபட்டதற்கு முதற் காரணம் வாடைக்காற்று. சென்னைக் கரையில் அன்றைக்குத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டுத்தான் கப்பல் நிற்கும். ஐப்பசியில் புயல் தொடங்கினால் அங்கே நிற்க முடியாது, மேற்கே பம்பாய்வரை சுற்றிப்போகவேண்டும். திரும்பி வருவதற்குள் மாதக் கணக்காகிவிடும். வங்கக் கடலின் இந்தப் பக்கத்தில் வருடம் முழுக்கக் கப்பல் பத்திரமாக நிற்கக்கூடிய இடம் திருகோணமலை ஒன்றுதான். அதனால்தான் 1782 இல் மட்டும் இது இரண்டு கை மாறியது. தை மாதம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆவணியில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேன் பிடித்தார். செப்டெம்பர் 3 இல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பற்படைகளும் மோதின. பிறகு ஒல்லாந்தரிடம் திரும்பப் போய், 1795 இல் ஆங்கிலேயரிடம் நிலையாக வந்து சேர்ந்தது.

இறங்கி வருகிற வழி பிரெட்ரிக் கோட்டைக்கு உள்ளால். 1622 இல் கோவிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கல்லைக் கொண்டு கட்டியது. உள்ளே இப்போது இராணுவ முகாம். கோட்டை வாசலில் மான்கள் நிற்கும். பொலித்தீன் பையோடு எதையும் கொடுக்காதீர்கள், பையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அங்கிருந்து டொக்யார்ட் வீதிக்கு ஓட்டோவில் சில நிமிடம். கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று அருங்காட்சியகம் இந்த வீதியில்தான். ஒல்லாந்தர் காலத்தில் அவர்களது கடற்படை ஆணையாளர் இருந்த வீடு. தடித்த சுவர், அகலத் தூண், வெய்யில் நேரத்திலும் உள்ளே குளிர்ச்சி. நெதர்லாந்து அரசின் உதவியோடு திருத்தியெடுத்தார்கள். முகாமுக்கு வெளியே இருப்பதால் நுழைவதில் சிக்கல் குறைவு, ஆகவே கடற்படைக் கதையை இங்கிருந்து தொடங்குவது நல்லது.

இலங்கைக் கடற்படையின் பிறந்த நாளாக டிசம்பர் 9 ஐக் கொண்டாடுகிறார்கள். 1950 இல் கடற்படைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. ஆனால் கரு அதற்கு முன்னமே உண்டாகிவிட்டது. 1937 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்கீழ், 1938 தையில், இலங்கைக் கடற்படைத் தொண்டர் படை தொடங்கியது. கொமாண்டர் போஷம் என்ற ஆங்கிலேயர் தலைவர். சொந்தக் கப்பல் ஒன்றுகூட இல்லை. 1939 இல் போருக்கு அழைக்கப்பட்டபோது இரவலாகவும் வாடகைக்கும் எடுத்த இழுவைக் கப்பல்களிலும் மீன்பிடி ட்ரோலர்களிலும்தான் போனார்கள். இலங்கை அரசு முதன்முதல் காசு கொடுத்து வாங்கிய 'ஓவர்டேல் வைக்' என்ற கப்பலும் இவற்றோடு ஓடியது. 1943 இல் படை பிரித்தானியக் கடற்படையின் தொண்டர் சேமப் படையாக மாற்றப்பட்டது. அதே ஆண்டு இத்தாலி சரணடைந்ததும், 'எரித்திரியா' என்ற இத்தாலியப் போர்க்கப்பல் இவர்களிடம் சரணடைந்து, இவர்களது ஆட்களை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தது. துணைக் கப்பல் வைத்திருந்தவர்கள் போர்க்கப்பலை அழைத்து வந்த கதை, ஆகவே கடற்படைக்காரர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

1950 இல் 'றோயல் சிலோன் நேவி' பிறந்தபோது அந்தத் தொண்டர் படையில் எஞ்சியிருந்த ஏறக்குறைய 100 பேர்தான் முதல். முதற் கப்பல் 'விஜய'. பிரித்தானியக் கடற்படையில் 'ஃபிளையிங் ஃபிஷ்' என்ற பெயரோடு கண்ணிவெடி வாரிய கப்பல் அது. இந்த முறை இன்றுவரை மாறவில்லை. கப்பல் வரும், பெயர்ப்பலகை மாறும், அரசன் ஒருவன் பெயர் ஏறும்.

மத்தியானத்துக்கு முன் டொக்யார்ட் என்கிற கடற்படைத் தளத்தின் வாசலுக்குப் போய்விடுங்கள். உள்ளே ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகம் பார்க்கவேண்டும் என்று சொல்லி அடையாள அட்டையைக் கொடுக்கலாம். கப்பல் வருகை, பயிற்சி முடிவு அணிவகுப்பு நடக்கிற நாட்களில் பார்வையாளரை விடமாட்டார்கள் என்பதால் முதல் நாளே விசாரித்து வைப்பது உத்தமம். வாசலில் சிங்களம் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். இல்லாவிட்டாலும் தமிழும் ஆங்கிலமும் கலந்து சமாளிக்கலாம். சொல்லுகிற இடத்தைத் தவிர எங்கேயும் படம் எடுக்காதீர்கள். இறங்குதுறையில் கட்டியிருக்கிற கப்பலைப் பார்த்ததும் போனைத் தூக்குகிற பழக்கம்தான் வாசலில் அதிக நேரம் நிற்கவைக்கும். ட்ரோன் பறக்கவிடுவது அனுமதி இல்லாமல் சட்டவிரோதம், இங்கே அதைப் பகிடியாக எடுக்கமாட்டார்கள்.

வாசற் பலகைகளில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கரையில் இருக்கிற முகாம்களுக்கும் கப்பலைப் போலவே 'எஸ்.எல்.என்.எஸ்.' (ஸ்ரீலங்கா நேவல் ஷிப்) என்ற முன்னெழுத்து. ஆங்கிலேயரிடம் கற்ற வழக்கம் இது. முகாமைக் கப்பலாகவே கணக்கில் வைப்பார்கள். அறை 'கபின்', சமையலறை 'கலி', வாசலைத் தாண்டிச் சந்தைக்குப் போவது 'கரைக்குப் போவது'. வெலிசறையில் உள்ள பயிற்சித் தளத்துக்கு 'கெமுனு' என்று பெயர், காரைநகரில் உள்ள தளத்துக்கு 'எலார'. எலார என்பது நம்முடைய எல்லாளன்தான், கெமுனு என்பது துட்டகைமுனு. அனுராதபுரத்தில் மோதிக்கொண்ட இரண்டு அரசர்களும் ஒரே கடற்படையின் பெயர்ப்பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். பெயர் வைத்தவர் இதை எண்ணிப் பார்த்து வைத்தாரோ தெரியாது, தமிழ் வாசகர் ஒரு தரம் நின்று வாசிப்பது நிச்சயம்.

ஹூட்ஸ் டவர் இருக்கிற மேடு ஒஸ்ரன்பேர்க். துறைமுக வாயைக் காவல் காத்த ஒல்லாந்தர் கோட்டை இருந்த இடம். கோபுரத்தின் பெயர் அட்மிரல் சாமுவேல் ஹூட்டினுடையது. 1814 இல் சென்னையில் இறந்தவர். மேலே பழைய கரையோரப் பீரங்கி, போர்க்காலப் படகுகள், ஆயுதங்கள். காட்சிப் பொருளைவிட முக்கியம் அங்கிருந்து தெரிகிற காட்சி. துறைமுக வாய், சோபர் தீவுகள், வடமேற்கே சீனக்குடா எல்லாம் ஒரே பார்வையில் வரும்.

அந்தத் தண்ணீருக்குள் உடைந்து கிடக்கிற ஒன்றைப் பற்றி வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை. 1944 இல் பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படை திரும்பத் திருகோணமலைக்கு வந்தபோது பெரிய போர்க்கப்பல்களைத் தண்ணீருக்கு வெளியே எடுத்துத் திருத்த இங்கே உலர்துறை கிடையாது. அதற்காக ஒரு மிதக்கும் உலர்துறையை இழுத்து வந்தார்கள். மிதக்கும் துறை வேலை செய்கிற விதம் இலகு. 'ப' எழுத்தைப் போல, அடியில் ஒரு தட்டையான பெட்டி, இரண்டு பக்கமும் உயரச் சுவர். அடிப்பெட்டி பல தனித்தனித் தாங்கிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தாங்கிகளுக்குள் கடல் தண்ணீரை விட்டால் துறை அமிழும். கப்பல் நடுவே மிதந்து வந்து நிற்கும். தண்ணீரைப் பம்பு பண்ணி வெளியேற்றினால் துறை கப்பலையும் தூக்கிக்கொண்டு எழும்பும்.

வில்லங்கம் பம்பு பண்ணுகிற ஒழுங்கில்தான். கப்பலின் பாரம் நீளத்துக்குச் சமமாக இருக்காது. பீரங்கிக் கோபுரம், வெடிமருந்துக் களஞ்சியம், எஞ்சின் எங்கெங்கே இருக்கிறதோ அங்கே அதிகம். எந்த இடத்தில் பாரம் கூடவோ அதற்கு நேர் கீழே உள்ள தாங்கிதான் அதிகம் வெறுமையாகி மேல்நோக்கித் தள்ளவேண்டும். வேறு இடத்துத் தாங்கி முந்தி வெறுமையானால் ஒரு பகுதி மேலே எழும்பப் பார்க்கும், இன்னொரு பகுதி பாரத்தால் கீழே இழுக்கும். நடுவில் இரும்பு வளையும். அதனால்தான் துறையில் ஏற்றுமுன் வெடிமருந்தையும் எண்ணெயையும் இறக்கச் சொல்வார்கள்.

1944 ஓகஸ்ட் 8 இல் 'வேலியன்ட்' என்ற போர்க்கப்பலை வெடிமருந்து முழுக்க ஏற்றியபடியே துறைக்குள் கொண்டுவந்தார்கள். தாங்கிகளை அந்தக் கப்பலின் பாரப் பகிர்வுக்கு ஒவ்வாத ஒழுங்கில் வெறுமையாக்கினார்கள். துறையின் இரண்டு முனைகளிலும் தாங்க முடியாத அழுத்தம் ஏறி, முதுகெலும்பு முறிந்து துறை தாழ்ந்தது. கப்பல் தப்பியது, ஆனால் அதை உந்துகிற சுழலிகளில் உட்பக்கத்து இரண்டும் ஒரு சுக்கானும் சிக்குண்டு போயின. அதற்குப் பிறகு அந்தக் கப்பல் போருக்கு உதவவில்லை. எதிரி ஒரு வேட்டும் தீர்க்காமல், பம்பு வால்வின் ஒழுங்கு பிழைத்ததால் ஒரு போர்க்கப்பல் போரை விட்டு விலகியது. இன்றைக்கும் எந்தக் கப்பற் பட்டறையிலும் துறையேற்றத் திட்டம் இல்லாமல் ஒரு வால்வைக்கூடத் திறக்கமாட்டார்கள்.

1957 இல் பிரித்தானியர் இந்தத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். ஒரு பெரிய கப்பற்படைக்குக் கட்டிய பட்டறை, களஞ்சியம், எண்ணெய்க் குழாய், விடுதி அத்தனையும் விரல்விட்டு எண்ணக்கூடிய கப்பல் வைத்திருந்தவர்களின் கைக்கு வந்தன. யானை கட்டிய கொட்டிலில் ஆட்டுக்குட்டி கட்டியது போலத்தான். இரண்டு வருடத்தில் இன்னொரு பிரித்தானியக் கண்ணிவெடி வாரி 'பராக்கிரம' என்ற பெயரிலும், இஸ்ரேலிடமிருந்து வாங்கிய 'பிரிகேட்' என்ற வகை நடுத்தரப் போர்க்கப்பல்கள் இரண்டு 'மகாசேன', 'கஜபாகு' என்ற பெயரிலும் வந்தன. பிரிகேட்டுகள் கனடாவுக்காகக் கட்டி, இஸ்ரேல் ஓட்டி, பிறகு இங்கே வந்தவை. மூன்றாம் கை.

1962 இல் அரசைக் கவிழ்க்க நடந்த சதி முயற்சி பிடிபட்டது. முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவர் அதில் சம்பந்தப்பட்டிருந்தார். அதன் பின் அரசுக்குக் கடற்படையில் நம்பிக்கை இல்லை. கப்பல்களை ஒவ்வொன்றாக விலக்கியதில் 'கஜபாகு' மட்டும்தான் பெரிய கப்பலாக மிஞ்சியது. 1960 முதல் 1970 வரை தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர், பின்னாளில் வெளிநாட்டமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமரின் தமையன். இருக்கிறதைக் காப்பாற்றி வைத்திருப்பதுதான் அன்றைக்குத் தளபதியின் வேலை. 1967 இல் கடற்படைக் கல்லூரி திருகோணமலையில் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். கப்பல் வாங்கக் காசு இல்லாத காலத்தில் ஆளைப் பயிற்றுவிக்கும் இடத்தைக் கட்டியது கெட்டித்தனம் என்றே சொல்லவேண்டும். இன்றைக்கும் கெடற்றாகச் சேருகிற எந்த அதிகாரியும் இந்த வாசலால்தான் வெளியே போகவேண்டும். 1971 கிளர்ச்சியில் கப்பல் போதாததால் கடற்படையினரைத் துவக்கோடு தரைக் காவலுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் நாடு குடியரசானபோது 'றோயல்' போய் 'ஸ்ரீலங்கா' வந்தது. சீனாவிலிருந்து ஷங்காய் வகைப் பீரங்கிப் படகுகளும் வந்தன.

போர்க்காலத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தத் தண்ணீரிலேயே அது நடந்தது. 1995 ஏப்ரல் 19 இல், உள் துறைமுகத்தில் கட்டியிருந்த 'சூரய', 'ரணசுறு' என்ற இரண்டு பீரங்கிப் படகுகளைக் கடற்புலிகளின் நீரடி நீச்சற்காரர் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். மூன்றாம் ஈழப்போர் தொடங்கியது அன்றைக்குத்தான். இயற்கைத் துறைமுகத்தின் பாதுகாப்பு எல்லாம் பெரிய கப்பலுக்கு எதிராகத்தான், மூச்சுக் குழாயோடு வருகிற ஒரு ஆளுக்கு 500 மீற்றர் வாய் தாராளம் என்பது அன்று தெரிந்தது.

அந்தப் போர் கடற்படையின் உருவத்தையே மாற்றியது. பெரிய கப்பல் போய், இஸ்ரேலின் 'டோறா' வகை அதிவேகத் தாக்குதற் படகுகள் முன்னுக்கு வந்தன. 20 மீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளம், அலுமினிய உடல், 40 நொட்டுக்கு (நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) மேல் வேகம். அந்த வேகத்தில் படகு அலைக்கு அலை துள்ளும். கையால் பிடித்துச் சுடுகிற துவக்கு வானத்தையும் தண்ணீரையும் மாறி மாறிச் சுடும். அதனால்தான் பிந்திய படகுகளில் படகின் ஆட்டத்தைத் தானே ஈடுசெய்கிற பீரங்கி பூட்டினார்கள். இதற்கும் சின்ன எதிரிப் படகுகள் கூட்டமாக வந்தபோது, கூட்டத்துக்குக் கூட்டமே பதில் என்று 23 அடி 'ஏரோ' படகுகளைக் கடற்படையே உள்நாட்டில் கட்டத் தொடங்கியது. இரவலில்லாமல் செய்த ஒன்று என்றால் அதுதான். இதன் மறுபக்கம் கரையோர மக்களுக்குத் தெரியும். எஞ்சின் குதிரைவலுவுக்குக் கட்டுப்பாடு, இரவுத் தொழிலுக்குத் தடை, 'பாஸ்' இல்லாமல் கடலுக்குப் போக முடியாத வருடங்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் வலை காயவைக்கிற யாரிடம் கேட்டாலும் கடற்படை வரலாற்றின் அந்த அத்தியாயத்தைச் சொல்வார்கள்.

இப்போது இறங்குதுறையில் நிற்கிற கப்பல்களைத் தூரத்திலிருந்தே வாசிக்கலாம். பக்கத்தில் எழுதியிருக்கிற எழுத்து வகையைச் சொல்லும். 'பி' ரோந்துக் கப்பல், 'எல்' தரையிறக்குங் கப்பல், 'ஏ' துணைக் கப்பல். பி 620 'சயுர', இந்தியாவின் முன்னாள் 'சரயு'. பி 621 'சமுதுர', பி 626 'கஜபாகு', பி 627 'விஜயபாகு' மூன்றும் அமெரிக்கக் கரையோரக் காவற்படை ஓட்டியவை. பி 625 'பராக்கிரமபாகு' சீனக் கடற்படையுடையது. பி 623 'சயுரால', பி 624 'சிந்துரால' இரண்டும் கோவாவில் இலங்கைக்கென்றே புதிதாகக் கட்டியவை. பழைய 'கஜபாகு' போய்ப் புதிய 'கஜபாகு' வந்திருப்பதைக் கவனியுங்கள். பெயர்தான் இந்தக் கடற்படையின் நீண்டகாலச் சொத்து.

இலவசமாக அல்லது மலிவாக வருகிற கப்பலின் விலை பிறகுதான் தெரியும். 'கஜபாகு' 1960களில் கட்டிய கப்பல். இரண்டு டீசல் எஞ்சினும் இரண்டு காஸ் டர்பைனும் உண்டு. டர்பைனை ஓட்டினால் 29 நொட் வரை போகலாம், ஆனால் எண்ணெய் தண்ணீராய்ப் போகும். ரோந்துக்கு டீசலே போதும். அமெரிக்கக் கப்பலுக்குள் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இலங்கைக் கரையில் 50. கரை மின்சாரத்தை அதிர்வெண் மாற்றுங் கருவி இல்லாமல் நேரே கொடுத்தால் மோட்டார்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், சூடேறும். ஒரு கப்பலின் ஆணி அங்குலக் கணக்கு, பக்கத்துக் கப்பலினது மில்லிமீற்றர். ஒன்றின் கையேடு ஆங்கிலம், மற்றதன் மூலப் பலகை சீனம். ஒரே வகைக் கப்பல் ஐந்து இருந்தால் ஒரு உதிரிக் களஞ்சியம் போதும். ஐந்து நாட்டுக் கப்பல் ஐந்து இருந்தால் களஞ்சியமும் ஐந்து, பயிற்சியும் ஐந்து. உதிரி வராவிட்டால் ஒரு கப்பலைக் கழற்றி இன்னொன்றை ஓட்டுவது உலகத்தில் எந்தச் சின்னக் கடற்படைக்கும் புதிதில்லை. இதற்கெல்லாம் மேலே வெதுவெதுப்பான தண்ணீரில் கொட்டலசு பிடிக்கிற வேகம். கட்டியே வைத்திருக்கிற கப்பலின் அடியில் அது தடித்து, வேகத்தைக் குறைத்து, எண்ணெயைக் கூட்டும். ஓடாத கப்பல்தான் சீக்கிரம் கெடும்.

அமைப்பு விவகாரம் சுருக்கமாக. தலைமையகம் கொழும்பில். கடற்படைத் தளபதியின்கீழ் நாடு ஏழு கட்டளைப் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு, வடமத்தி, வடமேற்கு, தென்கிழக்கு. கிழக்கின் தலைமை திருகோணமலையில். 1993 இல் தொடங்கிய விசேட படகுப் படையணியும், 2016 இல் சேர்க்கத் தொடங்கிய மரைன் படையும் தனி. கரையோரக் காவல் திணைக்களம் இதன் ஒரு பகுதி இல்லை. அது 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வேறு நிறுவனம், வெள்ளைக் கப்பலில் தடித்த சாய்கோடு கண்டால் கடற்படை என்று எழுதிவிடக்கூடாது.

நம்முடைய பத்திரிகைகள் வழுக்கி விழுகிற இன்னொரு இடம் பதவிப் பெயர். இராணுவக் கப்டன் இளம் அதிகாரி. கடற்படைக் கப்டன் இராணுவக் கேணலுக்குச் சமம், தோளில் நாலு பொன் பட்டி. இராணுவக் கப்டனுக்குச் சமமானவர் கடற்படையில் லெப்டினன்ட், இரண்டு பட்டி. கொமாண்டர் என்றால் மூன்று பட்டி உள்ள அதிகாரி. கொமாண்டர் ஒப் த நேவி என்றால் முழுக் கடற்படைக்கும் தளபதி. இந்த இரண்டையும் குழப்பி, ஒரு படகுத் தொகுதிக்குப் பொறுப்பானவரைத் தளபதியாக்கிய செய்திகள் நிறைய.

வேலை என்ன என்று கேட்டால், போர் முடிந்த பின் அதிகம் கடலில்தான். இலங்கை பொறுப்பேற்றிருக்கிற தேடல் மீட்புக் கடற்பரப்பு நாட்டின் நிலப்பரப்பைப்போல ஏறக்குறைய 27 மடங்கு. 2020 செப்டெம்பரில் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் 'நியூ டயமன்ட்' எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது இந்தியக் கரையோரக் காவற்படையோடு சேர்ந்து போய் நின்றது இவர்கள்தான். சிறுநீரக நோயுள்ள வடமத்திய ஊர்களுக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் செய்து பூட்டுவதும் இவர்களது பொறியியற் பிரிவுதான். கப்பலில் கடல் தண்ணீரை நன்னீராக்கப் பழகிய கைக்கு அது பெரிய வேலையில்லை.

பின்னேரம் சீனக்குடாப் பக்கம். காட்டுக்குள் வரிசையாகத் தெரிகிற உருளைகள் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள். மொத்தம் 101, இன்றைக்கு 99. ஒன்று ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது தாங்கி ஒன்று தீப்பற்றி நாட்கணக்காக எரிந்தது. முதல் நாள் இரவே கப்பல்களை வெளியே அனுப்பியிருந்தார்கள், துறைமுகத்தில் கட்டிய கப்பல் அசையமுடியாத இலக்கு என்பதால். ஆனால் அப்படிப் போன 'ஹேர்ம்ஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல், தன் தளத்தில் விமானமே இல்லாமல், மட்டக்களப்புக்கு நேரே திரும்பி வருகையில் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கியது. காவல் விமானங்கள் பிந்தியே வந்தன. தாங்கிகளில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடமும் என்று 2022 ஒப்பந்தத்தில் பிரித்துக்கொண்டார்கள். உள்ளே போக அனுமதி வேண்டும். வீதியிலிருந்து தெரிவதே போதும்.

நேரம் மிஞ்சினால் உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் பொதுநலவாயப் போர் மயானம் இருக்கிறது. வெட்டிய புல், ஒரே அளவுக் கல். கல்லில் உள்ள நங்கூரச் சின்னத்தைப் பார்த்து யார் கடற்படை, யார் விமானப்படை என்று பிரிக்கலாம். நகரத்துக்குள் எஸ்பிளனேட் பக்கம் உள்ள பழைய மயானத்தில், ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, ரியர் அட்மிரல் சாள்ஸ் ஒஸ்டின் கிடக்கிறார். 1852 இல் பர்மாவில் வாந்திபேதியில் இறந்து, இங்கே கொண்டுவந்து புதைக்கப்பட்டவர்.

கடைசியாகக் கிண்ணியாப் பாலம். 2009 இல் திறந்தது, 396 மீற்றர். பாலத்தின் ஓரத்தில் ஓட்டோவை நிறுத்தக்கூடாது, ஏறுகிற முனையில் இறங்கி நடந்து வாருங்கள். மேற்கே தம்பலகாமம் குடா, கிழக்கே துறைமுகப் பக்கம். பொழுது சாய்கிற நேரம் கொட்டியாரக் குடாவுக்குத் தொழிலுக்குப் போகிற வள்ளங்கள் பாலத்துக்குக் கீழால் வரிசையாகப் போகும். எல்லாவற்றிலும் பதிவு இலக்கம் பெரிதாக எழுதியிருக்கும். சாம்பல் நிற ரோந்துப் படகு ஒன்று குறுக்கே வந்தால், அதன் எழுத்தையும் இலக்கத்தையும் வாசித்துப் பாருங்கள்.